லொறி வரிசையில் மூன்றாவது ஆள்

புவனேந்திரனுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சூடாகும். ஐந்தாம் வகுப்பில் ஷிராஸ் தன்னுடைய அழிரப்பரை வேறொரு பையனுக்குக் கொடுத்தான் என்பதற்காக ஒன்பது நாள் அவனோடு பேசாமல் இருந்த ஆள். பத்தாம் நாள் ஷிராஸ் அதை பிளேடால் இரண்டாக வெட்டி ஒரு துண்டை நீட்டினான். புவனேந்திரன் இரண்டையும் வகுப்பு வாங்குப் பலகை மேல் அருகருகே வைத்துப் பார்த்து, பெரிய துண்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான். இன்றைக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் பாதி வெளுத்துவிட்டது. அந்தக் குணத்தில் மட்டும் ஒரு நரைகூட விழவில்லை.

பெரகலச் சந்திக்கு மேலே, அப்புத்தளைப் பக்கம் ஏறுகிற சரிவில் இருக்கும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவன் டிரையர்காரன். அரைத்துப் பதமாக்கிய தேயிலையைச் சூடான காற்றில் காய வைக்கிற இயந்திரம் அது. இருபத்திரண்டு வருஷமாக அதன் வாயில் நிற்கிறான். மீட்டரைப் பார்க்க மாட்டான். புறங்கையை நீட்டுவான், கூட என்பான், குறைய என்பான். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்தால் அதையேதான் மீட்டரும் சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு யார் மேலும் பொறாமை கிடையாது, ஏனென்றால் இதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஷிராஸ் பெரகலச் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். வாப்பா மொஹிதீன் தொடங்கிய கடை. ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த இருவரும் அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தோட்ட ஆபீஸில் ஒரு கொம்பியூட்டரைக் கழித்துவிட்டார்கள். புவனேந்திரன் அதைக் கேட்டு வாங்கினான். கடை லொறியில் ஏற்றிவந்து, நூற்றுப் பதினான்கு படி தூக்கி அவன் வீட்டில் இறக்கியது ஷிராஸ். அதில் ஒரு பழைய லொறி கேம் இருந்தது. மலைப்பாதையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு செமித்ததும் ஷிராஸ் படியேறி வருவான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஷிராஸ் ஓட்டுவான். புவனேந்திரன் மூலையில் தெரியும் சின்ன வரைபடத்தைப் பார்த்து, "வலது, கொண்ட ஊசி. மெல்ல போ மச்சான்" என்று வளைவு சொல்லுவான். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. புவனேந்திரனிடம் உன் வாழ்க்கையில் நல்ல நேரம் எது என்று யாராவது கேட்டிருந்தால், கல்யாண நாளைச் சொல்லிவிட்டு மனசுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியைத்தான் நினைத்திருப்பான். மனைவி ஜீவராணிக்கும் அது தெரியும்.

பிறகு ஷிராஸின் முழங்கால் போனது. நூற்றுப் பதினான்கு படி இனி ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவன் பண்டாரவளைக்குப் போய்ப் புதுக் கொம்பியூட்டர் ஒன்று கட்டுவித்து வந்தான். உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடுகிற பெட்டி. அதில் புதிய லொறி கேம். இலையில் தண்ணீர் சொட்டுவது தெரியும், மழை கண்ணாடியில் வழியும், மலையில் பனி இறங்கினால் முன்னால் போகிற லொறி மறைந்துபோகும். அவரவர் வீட்டில் இருந்துகொண்டே ஆளுக்கொரு லொறியில் வரிசையாகப் போகலாம், காதில் மாட்டிக்கொண்டு பேசலாம்.

"நீயும் போடு மச்சான். இனி படியும் வேணாம் ஒண்ணும் வேணாம், சேந்தே ஓடலாம்" என்றான் ஷிராஸ்.

புவனேந்திரனின் கொம்பியூட்டரில் அந்த கேம் திறக்கவே இல்லை. கறுப்புத் திரை ஒன்று வந்து, அப்படியே நின்றது.

அடுத்த ஞாயிறு ஷிராஸ் வேறு ஒருவனோடு ஓடினான். அந்தக் கொம்பியூட்டரைக் கட்டிக் கொடுத்த றுஷ்தி. பண்டாரவளையில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், வயது முப்பதுதான் இருக்கும். திங்கட்கிழமை புவனேந்திரன் கடைக்குப் போனால் ஷிராஸ் வாய் நிறைய அவன் கதை. றுஷ்தி இப்படி வெட்டினான், றுஷ்தி அப்படித் திருப்பினான், பாலத்தில் றுஷ்தி பின்னாலேயே போனான். புவனேந்திரன் ஆணி நிறுக்கிற தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு காதும் கொதித்தன. அன்றைக்கிருந்து அவன் அந்தப் பெயரை உச்சரிக்கவே இல்லை. ஜீவராணியிடம் பேசும்போதும் 'அந்த ஃபோன் கடைக்காரன்'தான்.

"பேரு வச்சிருக்காங்கல்ல அந்தப் பையனுக்கு" என்பாள் அவள்.

"எனக்கு எதுக்கு அவன் பேரு?"

தன் பழைய கொம்பியூட்டரில் அந்த கேமை ஓட வைத்தே தீருவது என்று இறங்கினான். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் வீரசிங்கத்திடம் கேட்டான். "அது கடிதம் அடிக்க வாங்கினது புவனேந்திரன், லொறி ஓட்ட இல்ல" என்றார் அவர். யூடியூபில் கேட்டான். ஒருத்தன் ஓடும் என்றான், இன்னொருத்தன் ஓடாது என்றான், மூன்றாமவன் ஜன்னல் வழியாக வீசச் சொன்னான். இந்த வேலையில் கைதேர்ந்தவன் பண்டாரவளையில் இருந்தான்தான். ஆனால் அவன் முன்னால் போய் நிற்பதைவிடக் கொம்பியூட்டரை வெல்லவாயப் பள்ளத்தில் உருட்டிவிடலாம் என்று புவனேந்திரனுக்குத் தோன்றியது.

கடைசியில் அப்புத்தளையில் ஸ்டூடியோவை மூடிவிட்டு சாமான்களை விற்றுக்கொண்டிருந்த முன்ஸிப் கை கொடுத்தார். கல்யாண வீடியோ வெட்டுவதற்கு வைத்திருந்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும், கூடுதல் மெமறியும். தனி மின் வயர் கேட்காத கார்ட் என்பதால் ஆபீஸ் கொம்பியூட்டருக்கு ஒத்துப்போகும் என்றார்.

"ஓடுமாங்க?"

"ஓடும் தம்பி. பறக்காது. கேமுக்குள்ள செட்டிங்ஸ்ல எல்லாத்தயும் கடைசிக்கு இறக்கிடுங்க. நிழல், புல்லு, மழை, பனி, ஒண்ணும் வேணாம். ரோட்டு தெரிஞ்சா போதும்னு வைங்க."

புவனேந்திரன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து ஒன்றையும் இறக்கவில்லை. ஃபோன் கடைக்காரன் பார்க்கிற மழை தனக்கு வேண்டாமாமா? எல்லாவற்றையும் நடுவில் வைத்தான். கேம் திறந்தது. இலையில் தண்ணீர் சொட்டியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, ஜீவராணி பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் அவனுடைய கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சரிவில் மதியம் மூன்று மணிக்கு மேல் பனி மூட்டம் வீட்டுக்குள் நடந்து வரும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும், அலமாரியில் வைத்த தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். ஈரம் பட்ட தேயிலை என்ன கதிக்கு ஆளாகும் என்று தினமும் பார்க்கிறவன் புவனேந்திரன். கொம்பியூட்டர் வந்த முதல் வாரமே பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் கூண்டு செய்து அதை உள்ளே வைத்தான். கதவு, கதவு ஓரத்துக்கு ரப்பர், உள்ளே கதகதப்புக்கு ஒரு நாற்பது வாட் பல்பு. எட்டு வருஷமாக ஒரு துளி ஈரம் அண்டவில்லை. இப்போது புதுக் கார்ட் வேறு உள்ளே இருக்கிறது என்று பலகை இடுக்கையெல்லாம் துணி வைத்து அடைத்தான். நாற்பது வாட்டைக் கழற்றி அறுபது வாட் போட்டான். கதவைச் சாத்தினால் உள்ளே விசிறி அலறுவதுகூட வெளியே கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு அவன் வரிசையில் சேர்ந்தான். முன்னால் ஷிராஸின் சிவப்பு லொறி, நடுவில் ஃபோன் கடைக்காரனின் நீல லொறி, கடைசியில் இவன். மூன்றாவது இடம் என்றதுமே காது சூடாகிவிட்டது. அந்த நீல லொறியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு போவதற்காகவா இவ்வளவு பாடுபட்டான்? காதுக்குள் வேறு, "ஷிராஸ் நானா, இங்கால பாருங்க" என்று கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவனுடைய ஒரே குழைவு. இரண்டாவது பாலத்தில் எப்படியோ நீல லொறியை முந்தி, சிவப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். அப்பாடா என்று மூச்சு விட்டான். மூன்றாவது பாலம் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே திரை விக்கியது, இழுத்தது, உறைந்தது. வரிசையோடு தொடர்பு இல்லை என்று ஒரு சின்னச் செய்தி. குரல்களும் போய்விட்டன.

அடுத்த ஞாயிறும் அதே வளைவு. அதற்கடுத்த ஞாயிறும் அதே வளைவு.

வரிசையைத் திறந்து வைப்பது ஃபோன் கடைக்காரன். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்கிற பொத்தான் அவன் கையில் இருக்கிறது. இதற்கு மேல் புவனேந்திரனுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. நான் ஷிராஸ் பக்கத்தில் போனதும் இவனுக்குப் பொறுக்கவில்லை, என்னை வெட்டிவிடுகிறான் என்று முடிவு கட்டினான். தன் வயிற்றில் எரிவது இன்னொருவன் வயிற்றிலும் எரியும் என்று நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மெயின் சுவிட்சை அடித்து அணைத்தான். ஷிராஸ் ஃபோனில் கூப்பிட்டான், கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். புவனேந்திரன் ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது திங்கட்கிழமை கடைக்குப் போய் நேராகச் சொன்னான். "அவன் என்னை வெட்டி விடுறான்டா."

"யாரு?"

"உன் ஃபோன் கடைக்காரன்தான். உன் பக்கத்துல வேற யாரும் வரக் கூடாது அவனுக்கு."

"உன்ட பெட்டி பழசு மச்சான். அது இழுக்குது, அதான் லைன் அந்துபோகுது."

"என் பெட்டிய பேசாத. அத தூக்கிட்டு வந்ததே நீதான். இப்ப உனக்கு கலர் லைட் கெடச்சிருச்சி, கலர் லைட் போட்ட கூட்டாளியும் கெடச்சிட்டான்."

ஷிராஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு சொல்லாமல் ஆணிப் பெட்டியை மூடினான். "முப்பது வருஷம்டா. இன்னும் அழிரப்பர அளந்துக்கிட்டு நிக்கிற" என்றான். கடையில் இரண்டு பேர் பெயின்ட் வாங்க நின்றார்கள். புவனேந்திரன் வெளியே வந்து நடந்தான், பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தொழிற்சாலையில் யாரோடும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகக் கூடாது என்று இருந்தவன் மூன்று மணிக்குப் பொறுக்க முடியாமல் கொம்பியூட்டரைப் போட்டான். வரிசையில் சேரவில்லை. தனியாக அதே பாதையில் ஓட்டினான். பக்கத்தில் யாரும் இல்லை, வெட்டிவிடவும் யாரும் இல்லை. மூன்றாவது பாலம் தாண்டியது. கொண்டை ஊசி வளைவில் திரை விக்கியது, இழுத்தது, உறைந்தது.

இந்த முறை மெயின் சுவிட்சை அடிக்க அவன் எழும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜீவராணி உள்ளே வந்தாள். கூண்டின் மேலே காயப்போட்டிருந்த மகள் நிஷாந்தினியின் வெள்ளை மேஸ் இரண்டையும் எடுத்து உதறினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துக்குள் காலில் போட வேண்டிய மேஸ். இந்தப் பனியில் அடுப்புக்கு மேலே கட்டினாலும் இரண்டு நாள் ஈரம் சொட்டும்.

"மத்த நாள்ல இதுக்கு மேல போட்டா ராத்திரி பூரா கெடந்து காயும். ஞாயித்துக்கெழம நீங்க லொறி ஓட்டினா அரை மணித்தியாலத்துல மொறமொறன்னு ஆயிருது. நான் மூணு வாரமா இங்கதாங்க போடுறேன்" என்றாள்.

புவனேந்திரன் மேஸைக் கையில் வாங்கினான். அப்பளம் போல விறைத்திருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தான், லேசாகக் கருகல் வாடை. அந்த வாடை அவனுக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலையில் அது வராமல் காப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறான். எழுந்து கூண்டுப் பலகைக்கு நேரே புறங்கையை நீட்டினான். நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டான்.

கதவைத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. விசிறி போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து பூனை ஓடியது. அறுபது வாட் பல்பு உள்ளே நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஈரத்துக்கு பயந்து நானே டிரையர கட்டி, அதுக்குள்ள கொண்டு போய் வச்சிருக்கேன் ராணி."

"ஃபோன் கடைக்காரன் வெட்டினான்னு சொன்னீங்க?"

அவன் கூண்டுக்குள் கையை விட்டான். பல்பைக் கழற்றினான். துணியை இடுக்கிலிருந்து பிடுங்கினான். ஆணி பிடுங்கும் கொறட்டை எடுத்து எட்டு வருஷக் கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றி, விறகோடு அடுக்கினான். கொம்பியூட்டர் மேசை மேல் தனியாக நின்றது, பின்பக்கத்தில் காற்று போக வழியோடு. முன்ஸிப் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வீம்பை விட்டு, நிழல், புல், மழை, பனி எல்லாவற்றையும் கடைசிக்கு இறக்கினான். திரை பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மரங்கள் பச்சைக் கட்டிகளாக நின்றன. ஆனால் மூன்றாவது பாலம் தாண்டியது, வளைவு தாண்டியது, மலையே தாண்டியது.

இனி மன்னிப்புக் கேட்க வேண்டுமே. அதற்கு அவனிடம் வாய் இல்லை. அந்த வாரம் கடைப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு, அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஒன்றும் நடக்காதவன் மாதிரி வரிசையில் போய்ச் சேர்ந்தான்.

"வந்துட்டியா" என்றான் ஷிராஸ்.

"வாங்க அண்ணே" என்றான் றுஷ்தி. அந்தக் குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று புவனேந்திரன் தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சிவப்பு, நீலம், அதற்குப் பின்னால் அவன். முதல் பாலம், இரண்டாவது பாலம். மூன்றாவது பாலத்தை நெருங்கும்போது ஷிராஸ் வேகத்தைக் குறைத்தான்.

"பனி இறங்குது. ஒண்ணுமே தெரியல."

"எனக்கும்தான் நானா. லைட் போட்டா இன்னும் வெள்ளையா அடிக்குது" என்றான் றுஷ்தி.

புவனேந்திரன் திரையைப் பார்த்தான். பனியா? எங்கே பனி? பாதை வெட்டவெளியாகக் கிடந்தது. இங்கிருந்து அடுத்த நாலு வளைவும் உள்ளங்கை ரேகை மாதிரித் தெரிந்தன. ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. அவனுடைய பழைய கொம்பியூட்டரில் பனியை இறக்கி வைத்துவிட்டானே. கலர் லைட் போட்ட இரண்டு பெட்டிகளும் விழுந்து விழுந்து வரைகிற பனி இவன் பக்கத்தில் இல்லவே இல்லை.

"எனக்குத் தெரியுது" என்றான். "மச்சான், நேரா வா. இன்னும் கொஞ்சம். இப்ப வலது, கொண்ட ஊசி. மெல்ல போ."

சிவப்பு லொறி வலது பக்கம் அழகாகத் திரும்பியது. காதுக்குள் ஷிராஸ் சிரிப்பது கேட்டது, பழைய பெஞ்சில் பக்கத்தில் இருந்து சிரிக்கிற அதே சிரிப்பு. புவனேந்திரன் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, எனக்கு எப்ப திரும்பணும்?" என்றான் றுஷ்தி.

நீல லொறி வளைவை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது. புவனேந்திரனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இப்போது சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. மூக்கைச் சொறிந்தான். வேண்டுமென்றே சொறிந்தான். நீல லொறி தடுப்பு வேலியை முறித்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டது. உருள்வதை அவன் கடைசி உருளல் வரை பார்த்தான், வயிறு குளிர்ந்தது.

"போச்சு" என்று சிரித்தான் றுஷ்தி. "நான் முதல் பாலத்துல இருந்து வரணும் இனி. நீங்க ரெண்டு பேரும் போங்க நானா."

இதற்காகத்தானே இத்தனை மாதம். ஷிராஸும் அவனும் மட்டும், முன்னே மலை. புவனேந்திரன் லொறியை முறுக்கினான். ஆனால் சிவப்பு லொறி நகரவில்லை. வளைவு தாண்டி ஓரமாக ஒதுங்கி, இரண்டு பக்க சிக்னலையும் போட்டுக்கொண்டு நின்றது.

"ஏன்டா நிக்கிற? வா போவோம்" என்றான் புவனேந்திரன்.

ஷிராஸுக்காக றுஷ்திதான் சொன்னான். "நானா போக மாட்டாரு அண்ணே. நீங்க அந்துபோன மூணு ஞாயிறும் இதே வளைவுலதான் நிப்பாட்டி வச்சிக்கிட்டு இருந்தாரு. அவன் வருவான், வருவான்னு. ஒவ்வொரு தடவையும் அஞ்சரை மணி வரைக்கும். என்னையும் ஒரு அடி அசைய விடல. நீங்க ஃபோனும் எடுக்கல."

புவனேந்திரனின் காது சூடானது. இந்த முறை அது பொறாமை இல்லை. ஷிராஸ் கடையில் சொல்ல வாயெடுத்து ஆணிப் பெட்டியை மூடியது கண் முன்னால் வந்தது. தான் தலையணைக்கு அடியில் ஃபோனைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், ஒரு சிவப்பு லொறி இங்கே சிக்னல் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

மேசைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக நிஜப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜீவராணி ஜன்னலைச் சாத்த வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். தன் லொறியைச் சிவப்பு லொறிக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தி, அவனும் சிக்னல் போட்டான்.

பத்து நிமிஷத்தில் நீல லொறி பாலத்தில் தெரிந்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்தது, அடி தப்பினால் பள்ளம் என்கிற பயத்தோடு.

"நேரா வாங்க" என்றான் புவனேந்திரன். "இன்னும் கொஞ்சம். இப்ப வலது, கொண்ட ஊசி. மெல்ல வாங்க றுஷ்தி, நாங்க ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறோம்."